மூலதன இருப்பை எப்படி அளக்கிறார்கள்? ராமநாதபுரம் கரையிலிருந்து சில கேள்விகள்

ராமநாதபுரம் பக்கம் பொருளியல் படிக்கும் பிள்ளைகளும், படகும் ஐஸ் ஃபேக்டரியும் வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்களை நம் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். மூலதன இருப்பு என்ற எண்ணை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கணக்கெடுப்பவர் வைத்துக்கொள்ளும் அனுமானம்தான் அந்த எண்ணின் உயிர்நாடி. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மூலதன இருப்பு என்றால் வங்கியில் இருக்கும் பணமா?

இல்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் நாட்டில் நின்றுகொண்டிருக்கும், மனிதர் உருவாக்கிய, ஒரு வருஷத்துக்கு மேல் உற்பத்திக்குப் பயன்படும் சொத்துகளின் மொத்த மதிப்பு அது. விசைப்படகு, ஐஸ் ஃபேக்டரி, வாலிநோக்கத்து உப்பளத்தின் பாத்தியும் பம்பும், பாம்பன் பாலம், பள்ளிக்கூடக் கட்டடம், கம்பெனிகளின் மென்பொருள் எல்லாம் அதில் வரும். இந்தியாவில் நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

வங்கி டெபாசிட்டும் பங்குப் பத்திரமும் சேராது. ஒருவருக்கு அது சொத்து என்றால் இன்னொருவருக்குக் கடன். நாடு முழுவதையும் கூட்டும்போது இரண்டும் கழிந்துபோகும்.

ஜி.டி.பி. இருக்கும்போது இது எதற்கு?

ஜி.டி.பி. ஒரு வருஷத்தில் என்ன விளைந்தது என்று சொல்லும். விளைவிக்கும் பொருள்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று சொல்லாது. இந்த வித்தியாசம் தனுஷ்கோடியை நினைத்தால் உறைக்கும்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனது. ரயில் நிலையம், தண்டவாளம், தலைமன்னார் கப்பலுக்கான துறை, வீடுகள், கடைகள் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அதிலிருந்தவர்களோடு கடலில் அடித்துச் செல்லப்பட்டது. உயிர்களுக்குக் கணக்கு கிடையாது. அதை எந்தப் புள்ளிவிவரமும் அளக்க முயலக் கூடாது. பொருள் இழப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த இழப்பு ஜி.டி.பி.யில் கழிக்கப்படாது. இனி அங்கே நடக்காமல் போகும் வியாபாரம்தான் குறையும். அதே நேரம், சேதமான பாம்பன் பாலத்தைச் சீர்செய்யச் செலவழித்த பணம் ஜி.டி.பி.யில் கூட்டப்படும். ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில், கடலில் விழுந்த கர்டர்களையும் மீட்டுப் பொருத்தி, 46 நாளில் அந்த வேலையை முடித்தார்கள். ஆக, அழிந்தது தெரியாது, திரும்பக் கட்டியது மட்டும் தெரியும்.

மூலதன இருப்பில்தான் அந்த ஓட்டை தெரியும். ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை, பேரழிவில் போன சொத்தைச் சாதாரணத் தேய்மானத்தில் சேர்க்கச் சொல்வதில்லை. அதற்கென்று உள்ள தனிக் கணக்கில் எழுதி, இருப்பிலிருந்து நேரடியாகக் கழிக்கச் சொல்கிறது. புயல் அடிக்கடி வரும் கரையில் வாழ்பவர்கள், நாம் எந்த அளவு இழந்தோம் என்று கேட்க வேண்டிய இடம் ஜி.டி.பி. இல்லை, இதுதான்.

எது சேரும், எது சேராது?

வீடு சேரும். வீடு நிற்கும் நிலம் சேராது, அது மனிதர் உருவாக்கியதல்ல. கடலும் கடலில் திரியும் மீனும் சேராது. வருஷா வருஷம் பால் தரும் மாடு சேரும், கறிக்கு வளர்க்கும் ஆடு சரக்குக் கையிருப்பாகத் தனியாகப் போகும். நட்டுப் பராமரித்து, ஆண்டுதோறும் பலன் எடுக்கும் தென்னையும் பனையும் சேரும்.

பைக் விஷயத்தில்தான் எல்லாருக்கும் குழப்பம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பைக் நுகர்வு, மூலதனம் இல்லை. அதே மாடலை வாங்கிப் பின்னால் பெட்டி கட்டி மீன் விற்கப் போனால் அது மூலதனம். பொருள் ஒன்றுதான், பயன்பாடு வேறு. தங்க நகையும் இந்த இருப்பில் வராது, அதற்குத் தனித் தலைப்பு உண்டு.

ராணுவத் தளவாடங்களை முன்பெல்லாம் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மேலே சொன்ன ஐ.நா. கணக்கு முறையின் 2008 பதிப்பு வந்தபிறகு போர்க்கப்பலும் போர்விமானமும் உள்ளே வந்துவிட்டன. உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தின் ஓடுபாதை மட்டுமல்ல, அங்கே நிற்கும் விமானங்களும் இப்போது கணக்கில் வரும். ஆராய்ச்சிச் செலவும் அதே பதிப்பில்தான் மூலதனமானது.

இதையெல்லாம் யாராவது ஊர் ஊராகப் போய் எண்ணுகிறார்களா?

ஒரு நாட்டின் எல்லாச் சொத்தையும் நேரில் போய் எண்ணி மதிப்பிடுவது நடக்காத காரியம். அதனால் சுற்றுவழியில் போகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு புதிதாக முதலீடு ஆனது என்ற கணக்கு இருக்கிறது. போன வருஷ இருப்போடு இந்த வருஷ முதலீட்டைக் கூட்டி, இந்த வருஷம் தேய்ந்ததையும் உடைத்துப் போட்டதையும் கழித்தால் இந்த வருஷ இருப்பு வந்துவிடும். அமெரிக்கப் பொருளியலாளர் ரேமண்ட் கோல்ட்ஸ்மித் 1951-இல் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். தொடர் இருப்பு முறை என்று சொல்லலாம். வகுப்பறையில் பெர்பெச்சுவல் இன்வென்டரி என்றே புழங்குகிறது. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் உட்பட உலகில் பெரும்பாலோர் பின்பற்றுவது இதைத்தான்.

முதலீட்டுக் கணக்கு எங்கிருந்து வருகிறது? கம்பெனிகள் தாக்கல் செய்யும் கணக்குகள், தொழிற்சாலை ஆய்வு, அரசு பட்ஜெட். கட்டுமானத்துக்கு, நாட்டில் எவ்வளவு சிமென்ட், கம்பி, செங்கல், மரம் போனது என்பதை வைத்து மதிப்பிடுகிறார்கள். குடும்பங்கள் செய்யும் முதலீட்டுக்கு அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வு உதவுகிறது. அது 2013-இலும் 2019-இலும் நடந்தது. தங்கச்சிமடத்தில் ஒருவர் கைக்காசைப் போட்டு ஃபைபர் வள்ளம் வாங்கினால் அது தேசக் கணக்கில் ஏறுவது இப்படிப்பட்ட மாதிரி ஆய்வுகள் வழியாகத்தான். நடுவில் உள்ள வருஷங்களுக்கு மதிப்பீடு மட்டுமே.

முதல் வருஷத்து இருப்பு எப்படித் தெரியும்?

சரியான கேள்வி. பழைய முதலீட்டுக் கணக்கு நீளமாக இல்லாத நாடுகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆரம்ப வருஷ முதலீட்டை, வளர்ச்சி வீதமும் தேய்மான வீதமும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். முதலீடு 100 கோடி, வளர்ச்சி 5 சதவீதம், தேய்மானம் 5 சதவீதம் என்றால் இருப்பு 1,000 கோடி. தேய்மானத்தை 4 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1,111 கோடி, 8 சதவீதம் என்றால் சுமார் 769 கோடி. கரையில் ஒரு ஆணிகூட மாறவில்லை. அனுமானம் மாறியதும் எண் எங்கே போகிறது பாருங்கள். வருஷங்கள் ஓட ஓட ஆரம்பப் பிழை தேய்ந்து மறையும் என்பது ஒரு ஆறுதல். தேய்மான வீதத்தில் உள்ள பிழை மறையாது.

என் படகுக்கு ஒவ்வொருவரும் ஒரு மதிப்பு சொல்கிறார்களே, எது சரி?

எல்லாமே சரி, கேள்விதான் வேறு. கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் 30 லட்சத்துக்குக் கட்டிய விசைப்படகு. ஆயுள் 20 வருஷம். இன்று அதேபோல் ஒன்று கட்ட 50 லட்சம் ஆகிறது.

ஆடிட்டர் போடும் நோட்டில், வாங்கிய விலையில் பாதி தேய்ந்துவிட்டது, ஆகவே 15 லட்சம். பொருளியலில் மொத்த இருப்பு என்று கேட்டால், படகு இன்னும் ஓடுகிறது, இன்றைய புது விலையில் 50 லட்சம். நிகர இருப்பு என்றால் இன்றைய விலையில் மீதமிருக்கும் ஆயுளுக்கு உரியது, 25 லட்சம். நான்காவதாக ஒன்று உண்டு. பத்து வருஷப் படகு புதுப் படகின் வேலையில் பாதியையா செய்கிறது? ஏறக்குறைய முழுசாகவே செய்கிறது. கொஞ்சம் டீசல் கூடக் குடிக்கும், கொஞ்சம் அதிகம் நிற்கும். அந்த வேலைத்திறனை 85 சதவீதம் என்று வைத்தால் உற்பத்தி இருப்பு 42.5 லட்சம்.

நாட்டின் செல்வம் எவ்வளவு என்று கேட்பவருக்கு நிகர இருப்பு வேண்டும். உற்பத்தித்திறன் ஏன் கூடியது, குறைந்தது என்று ஆராய்பவருக்கு உற்பத்தி இருப்பும் அதிலிருந்து வரும் மூலதனச் சேவையும் (ஒரு வருஷத்தில் அது செய்து தரும் வேலை) வேண்டும். பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2001-இல் வெளியிட்டு 2009-இல் திருத்திய கையேடு இந்த வேறுபாட்டை விரிவாகச் சொல்கிறது. செய்தியில் வெறுமனே "மூலதன இருப்பு" என்று போட்டிருந்தால், இவற்றில் எது என்று முதலில் தேடுங்கள்.

வருமான வரிக்காரர்கள் சொல்வது இன்னொன்று. மரத்தில் செய்த மீன்பிடிக் கலத்துக்கு 20 சதவீதத் தேய்மானம் என்று வரி விதியில் இருக்கிறது. அது வரிச் சலுகைக்காக வைத்த வீதம். படகு உண்மையில் தேயும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

உப்புக்காற்றில் எல்லாம் சீக்கிரம் போகிறது. தேசியக் கணக்குக்கு அது தெரியுமா?

தெரியாது. என்னை அதிகம் வருத்தும் இடம் இது.

ஒரு வகைச் சொத்துக்கு நாடு முழுவதும் ஒரே ஆயுளைத்தான் வைக்கிறார்கள். கோயம்புத்தூரில் கட்டிய ஆர்.சி.சி. கட்டடத்துக்கும் பாம்பனில் கட்டிய கட்டடத்துக்கும் ஒரே வயது. பாம்பன் கடலில் இரும்பு அரிக்கும் வேகம் உலகிலேயே மியாமிக்கு அடுத்தபடி என்று பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். வரிசை எப்படி இருந்தாலும், மண்டபம் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு விஷயம் தெரியும். கூரைக் கான்கிரீட் பெயர்ந்து உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் உப்பி நிற்கும். உப்பு கம்பியை அடைகிறது, கம்பி துருப்பிடித்து வீங்குகிறது, வீங்கியது கான்கிரீட்டை உடைக்கிறது.

மேலே சொன்ன படகின் ஆயுள் நம் கரையில் 20 இல்லை, 15 வருஷம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர மதிப்பு 25 லட்சத்திலிருந்து சுமார் 16.7 லட்சமாக இறங்கிவிடும். நூறு படகுக்கு 25 கோடி என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது 16.7 கோடி. அதாவது, கரையோர மாவட்டங்களிடம் இருப்பதாகக் காகிதத்தில் தெரியும் மூலதனத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே துருவாகிப் போயிருக்கும். புது முதலீடு எவ்வளவு வேண்டும் என்று திட்டம் போடுபவர் இந்தக் காகிதத்தைப் பார்த்துப் போட்டால் குறைவாகத்தான் போடுவார்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று செய்திருக்கிறார்கள். 550 கோடி ரூபாய்க்கு மேல் ஆன செலவில் ஒரு பங்கு, ஆயுளை நீட்டுவதற்காகப் போட்ட பணம்.

அப்படியானால் பழைய பாம்பன் பாலம் எப்படி நூறு வருஷம் தாண்டியது?

1914 பிப்ரவரியில் திறந்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். ஒரு பாலத்துக்கு 50 வருஷ ஆயுள் என்று வாய்பாட்டில் வைத்திருந்தால், 1964-லேயே நிகர மதிப்பு பூஜ்யம். அப்புறமும் அதன்மேல் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், இடைவிடாத பராமரிப்பு. கூடவே 1964-க்குப் பின் செய்த சீரமைப்பு, 2007-இல் அகலப்பாதைக்கு மாற்றியது போன்ற பெரிய வேலைகள். பெரிய வேலைகள் புது முதலீடாகக் கணக்கில் ஏறும். பெயின்ட் அடித்து, ரிவிட் மாற்றிய அன்றாட உழைப்பு ஏறாது.

இன்னும் பழசு வேண்டுமா? "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் பாண்டியர் காலத்தது. கட்டிய செலவு எந்த முதலீட்டுப் பட்டியலிலும் இல்லை. அதனால் தொடர் இருப்பு முறைக்கு அந்தக் கரை கண்ணுக்கே தெரியாது. அதன் பாசனத்தில் விளையும் நெல் மட்டும் ஜி.டி.பி.யில் வரும். நம் முன்னோர் விட்டுப்போன நீர்நிலைகளைப் புள்ளிவிவரம் இலவசமாக எடுத்துக்கொள்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தடைக்காலத்தில் படகுக்குச் செய்யும் செலவு மூலதனமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும்போது எல்லாரும் படகை ஏற்றி வேலை பார்ப்பார்கள். பெயின்ட், பலகை இடுக்கு அடைப்பது, இன்ஜின் சர்வீஸ் எல்லாம் நடப்புச் செலவு. இன்ஜினையே புதிதாக மாற்றினால், பாதி உடலைப் பிரித்துக் கட்டினால், ஆயுள் நீள்கிறது, அது முதலீடு.

61 நாள் படகு சும்மா நிற்கிறது என்பதற்காக இருப்பு குறையாது, பயன்பாடுதான் பூஜ்யம். இருப்பு வேறு, அதை எவ்வளவு ஓட்டுகிறோம் என்பது வேறு. தொழிற்சாலைகளுக்கு ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் இயங்குதிறன் ஆய்வு நடத்துகிறது. படகுகளுக்கு அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

இலங்கையில் பிடிபட்ட படகு கணக்கில் இருக்கிறதா?

படகை இழந்தவர்களைப் பார்த்தால் கேட்கவே கஷ்டமாக இருக்கும் கேள்வி இது. வாய்பாட்டுக்கு அந்தப் படகு போனது தெரியாது. யாராவது தனியாகக் கழித்து எழுதாவிட்டால், அங்கே துறைமுகத்தில் பாதி மூழ்கிக் கிடக்கும் படகு இந்தியாவின் மூலதனக் கணக்கில் இன்னும் வருஷம் ஒரு பங்காகத் தேய்ந்துகொண்டிருக்கும். கடன் மட்டும் வீட்டில் இருக்கும். உரிமையாளர் வேறு படகு வாங்கினால் அது புது முதலீடு என்று ஏறும். போனது ஒன்று, வந்தது ஒன்று, கணக்கில் இரண்டு.

மானியத்தில் வாங்கிய படகை எந்த மதிப்பில் எழுதுவார்கள்?

முழு விலைக்கு. 2017-இல் பாக் நீரிணை இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மீனவர் கையிலிருந்து போனது 8 லட்சமே என்றாலும் மூலதன இருப்பில் ஏறுவது 80 லட்சம். மானியம் மூலதன மாற்றல் (சொத்து வாங்க அரசு கொடுத்துவிட்ட பணம்) என்று வேறு வரியில் போகும். கழித்துக்கட்டிய பழைய இழுவலைப் படகை இருப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

கமுதி சோலார் மதிப்பு ஏன் குறையும்? வெயில் குறையவில்லையே!

2016-இல் 648 மெகாவாட் திறனோடு, சுமார் 4,550 கோடி ரூபாய் செலவில் முடிந்த நிலையம் அது. அதற்குப் பிறகு சோலார் பேனல் விலை நன்றாக இறங்கிவிட்டது. நிகர இருப்பை இன்றைய விலையில் மதிப்பிடுவதால், அதே மின்சாரம் தரும் நிலையத்தின் மதிப்பு, தேய்மானம் போக, விலை வீழ்ச்சியாலும் குறையும். நிலையான விலையில் (எல்லா வருஷத்துக்கும் ஒரே அடிப்படை வருஷத்து விலையில்) போட்ட கணக்கில் இந்த இரண்டாவது இறக்கம் இருக்காது. வருஷங்களுக்கு இடையே ஒப்பிடும்போது நிலையான விலைத் தொடரையே பாருங்கள்.

கீழக்கரையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள்?

சேரும். வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு, நாட்டின் மூலதனத்தில் முழு மதிப்போடு நிற்கும். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகப் பாவித்து ஜி.டி.பி.யிலும் சேர்ப்பார்கள். குடியிருப்பு அதிகம் உள்ள இருப்பையும் இயந்திரம் அதிகம் உள்ள இருப்பையும் ஒரே எண்ணாக ஒப்பிடுவது தப்பான முடிவுக்குக் கொண்டுபோகும்.

மூலதனத்தை அளக்கவே முடியாது என்று சொன்ன அறிஞர்கள் உண்டாமே?

உண்டு, அவர்கள் சொன்னதில் பலம் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்சன் 1953-54-இல் எழுதிய கட்டுரையில் கேட்டார்: படகும் பாலமும் தறியும் வெவ்வேறு பொருள்கள், எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்க விலை வேண்டும், விலையோ வட்டியும் லாப வீதமும் தெரிந்தால்தான் தெரியும், பிறகு அந்த எண்ணை வைத்தே லாப வீதத்தை விளக்குவது எப்படி? பியரோ ஸ்ராஃபா அவர் பக்கம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து சாமுவேல்சனும் சோலோவும் எதிர்ப்பக்கம். தர்க்கத்தில் ராபின்சன் தரப்பு சொன்னது சரி என்பதைச் சாமுவேல்சனே 1966-இல் ஒப்புக்கொண்டார். ஆனால் திட்டமிடுபவர்களுக்கு ஏதோ ஒரு எண் தேவைப்படுகிறது, அதனால் கணக்கு நிற்கவில்லை. ராபின்சன் பின்னாளில் திருவனந்தபுரத்து ஆய்வு மையத்துக்கு வந்து தங்கிப் பாடம் நடத்தியவர், நம் பக்கத்து ஊர்க்காரர்போல.

மூலதனம் கூடினால் வருமானமும் கூடுமா?

கட்டாயமில்லை. நாடு தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை நிலை மூலதனத்தில் போடுகிறது. ஒரு ரூபாய் கூடுதல் உற்பத்திக்கு ஐந்து ரூபாய் மூலதனம் தேவை என்றால் வளர்ச்சி 6 சதவீதம், நான்கு ரூபாய் போதும் என்றால் 7.5. அந்த விகிதம் எதில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாக் நீரிணையில் மீன் அதே அளவு இருக்க, படகை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மூலதனம் ஏறும், ஒரு படகுக்குக் கிடைக்கும் மீன்பாடு இறங்கும். 2005-இல் தொடங்கி நின்றுபோன சேதுக் கால்வாய் தூர்வாரலும் அப்படித்தான்: பணம் செலவானது, கப்பல் போகவில்லை.

பவளப்பாறை, கடல்தாழை எல்லாம்?

இந்த இருப்பில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் அலையைத் தடுக்கின்றன, மீன்குஞ்சுக்கு இடம் கொடுக்கின்றன. ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் மூலதனம் ஏறும். அதே வேலையைச் செய்யும் பாறை அழிந்தால் எதுவும் இறங்காது. இதைச் சரிசெய்ய ஐ.நா. 2012-இல் சுற்றுச்சூழல் பொருளாதாரக் கணக்கு முறையையும், 2021-இல் சூழலமைப்புக் கணக்கையும் ஏற்றுக்கொண்டது. நம் கரைக்கு இது முழுமையாக வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

எண்களை எங்கே பார்க்கலாம்? மாவட்டத்துக்குக் கிடைக்குமா?

புள்ளியியல் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் தேசியக் கணக்குப் புள்ளிவிவரத்தில் தொழில்வாரியாக நிகர மூலதன இருப்பும் தேய்மானமும் இருக்கும். தேய்மானம் ஜி.டி.பி.யில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மற்ற நாடுகளோடு ஒப்பிட க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் பென் வேர்ல்டு டேபிள் இலவசம்.

மாவட்ட அளவில் அதிகாரபூர்வ எண் கிடையாது. ஆனால் படகுகளுக்கு மட்டும் ஒரு கணக்கு எடுப்பது கல்லூரி மாணவர்களால் முடியும். மீன்பிடிப் படகுகளை அரசு பதிவு செய்யும் ரியல்கிராஃப்ட் இணையப் பதிவில் படகின் நீளம், கட்டிய வருஷம், இன்ஜின் விவரம் இருக்கிறது. தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆய்வு செய்யும் நாட்களில் எல்லாப் படகும் கரையில் நிற்கும். அப்போது போய் எந்தப் படகு எத்தனை வயதில் கழித்துக்கட்டப்பட்டது என்று உரிமையாளர்களிடம் கேளுங்கள், புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று படகு கட்டும் ஆசாரிகளிடம் கேளுங்கள். வயதும் விலையும் கிடைத்துவிட்டால் மேலே போட்ட படகுக் கணக்கை நூறு படகுக்கும் போடலாம். ராமேஸ்வரம், மண்டபம், மூக்கையூர் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டால், எங்கே ஆயுள் குறைவு என்பதும் தெரிந்துவிடும்.